எடையற்ற பொற்காசு: மிகுபுனைவு விளையாட்டுகளில் பொருட்களின் அளவும் எடையும்

மிகுபுனைவு விளையாட்டில் வீரன் சுமக்கும் பொருட்களுக்கு எடை விதிப்பது வெறும் கணக்குவேலையாகத் தோன்றலாம். ஆனால் அந்த உலகை நம்ப முடிகிறதா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது. 2011இல் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ விளையாட்டில் இரும்பு வாளின் எடை 9, இருகை வாளின் எடை 16. பொற்காசுக்கு எடையே இல்லை. தொடக்கத்தில் சுமக்கக்கூடிய அளவு 300. அதற்கு மேல் ஒரு வாள் கூடினால் ஓட முடியாது. லட்சம் காசு கூடினாலும் ஓடலாம்.

கொங்கு நாட்டுச் சான்றுகளோடு ஒப்பிட்டால் இதன் குறை தெரியும். கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842இல் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுக் குவியலில் 500க்கும் மேற்பட்ட காசுகள் இருந்தன. அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துத் தெனாரியஸ் ஒன்று ஏறத்தாழ 3.8 கிராம். குவியல் முழுவதும் சுமார் 2 கிலோ, பழைய கணக்கில் ஒன்றேகால் வீசைக்கு மேல். மாறாக, படியூரில் வெட்டிய பெரில் கல்லும் நொய்யல் கரைக் கொடுமணலில் பட்டை தீட்டிய மணிகளும் மடியில் முடிந்துகொள்ளும் அளவுதான். கல்லை விற்கப் போகும் வணிகனுக்குச் சுமை இல்லை, காசோடு திரும்பும்போதுதான் பை கனக்கும். வழிப்பறி பயம், துணைக்கு ஆள், மண்ணில் புதைத்துவைப்பது எல்லாம் அந்தக் கனத்தால் வருபவை. காசை எடையற்றதாக்கும் விளையாட்டில் இக்கதைகளுக்கு இடமே இல்லை.

மேசையில் ஆடப்படும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதில் நேர்மையானது. அதன் 2014 பதிப்பில் 50 காசுக்கு ஒரு பவுண்டு எடை. ஒரு காசு 9 கிராம் என்பது தெனாரியஸைப்போல் இருமடங்குக்கு மேல், ஆனாலும் கனம் என்று ஒன்று இருக்கிறதே! நீள்வாளுக்கு 3 பவுண்டு, கிட்டத்தட்ட ஒரு வீசை. உண்மையான வாள்களும் ஏறக்குறைய அவ்வளவுதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கூட்டிக் கழிக்கும் வேலை ஆடுபவர் தலையில் விழுவதால் பல குழுக்கள் இந்த விதியையே விட்டுவிடுகின்றன.

எடையைவிடவும் கவனிக்கப்படாதது அளவு. ஆளுயர ஈட்டி பல விளையாட்டுகளில் இடுப்புப் பைக்குள் மறைந்துவிடுகிறது. 1990களின் ‘டயப்லோ’ பையைக் கட்டங்களாகப் பிரித்தது. வாள் பல கட்டங்களைப் பிடிக்கும், 5000 காசு ஒரு கட்டத்தைப் பிடிக்கும். எதை விட்டுச் செல்வது என்பதை ஆடுபவர் கண்ணாலேயே முடிவு செய்யலாம். 2000இல் வந்த இரண்டாம் பாகத்தில் காசு கட்டங்களைவிட்டு வெளியேறிவிட்டது, வசதிக்காக.

கொங்குப் பின்னணியில் விளையாட்டு அமைப்பவருக்குக் கிலோவும் பவுண்டும் தேவையில்லை. 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. இரண்டு மணங்குவரை வீரன் தாராளமாக நடக்கலாம், அதற்கு மேல் மாடு வேண்டும்.