இருபது அங்குலப் பலகை: ஒரு லாரிப் படுக்கையை வாசித்தல்

எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் நிலம், பொழுது, கருப்பொருள் என்று எங்களுக்கு மணிக்கணக்கில் பாடம் நடந்தது. தலைவன் பொருள்வயின் பிரிந்து போவான். தலைவி இங்கே உருகுவாள். போனவன் ராத்திரி எங்கே படுத்தான் என்று வகுப்பில் ஒருத்தரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டிலும் ஒருவர் பொருள்வயின் பிரிந்து போனார். என் நைனா. லாரியில் கிளீனர். அவர் எங்கே படுத்தார் என்ற கேள்வி எனக்கு வெகுநாளாக இருந்தது.

போன மாதம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு இரும்பு உருட்டாலை வாசலில், என் தாய்மாமனோடு ஒரு ராத்திரி லாரியிலேயே இருந்தேன். கம்பி ஏற்றிக்கொண்டு நெல்லூர் போக வேண்டிய வண்டி. சாயங்காலம் ஆறு மணிக்கு டோக்கன் வாங்கியாயிற்று. கேட்டுக்கு வெளியே எங்களுக்கு முன்னால் பதினேழு வண்டி. உள்ளே கக்கூஸ் இருக்கிறது, டிரைவருக்குக் கிடையாது. கையில் ஒரு இஞ்சு டேப் கொண்டுபோயிருந்தேன். மாமா சிரித்தார். "இன்னாடா, சட்டை தைக்கப் போறியா வண்டிக்கு?"

வண்டிக் கம்பெனிக்காரன் அச்சடித்துக் கொடுத்த வழவழப்பான விளம்பரத்தாளும் என் பையில் இருந்தது. அதில் படுக்கையைப் பற்றி ஒரே வரி. ஓட்டுநரின் சொகுசுக்காகவாம். பக்கத்தில் படம். படத்தில் இருக்கும் படுக்கையில் யாரும் படுத்திருக்கவில்லை. நான் விமர்சிக்க எடுத்துக்கொண்ட பிரதிகள் இரண்டு: அந்தத் தாளும், அந்தப் பலகையும். தாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பலகைக்கு வருவோம்.

மாமா 'பெர்த்து' என்று சொல்கிற அந்தப் பொருள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால், கேபினின் பின்சுவரை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கிறது. சதுர இரும்புக் குழாயை வெட்டி வெல்டு வைத்த சட்டம். அதன்மேல் ஒட்டுப்பலகை. அதற்குமேல் ஃபோம், ஃபோமைச் சுற்றி ரெக்ஸின். பின்சுவரில் இரண்டு கீல். முன்பக்கத்தைத் தூக்கினால் அடியில் பெட்டி. ஜாக்கி, ஸ்பானர், கயிறு, ஸ்டவ், அரிசிப் பை, ஒரு அம்மன் படம் எல்லாம் அதற்குள். மேலே இன்னொரு பலகை உண்டு. பகலில் சுவரோடு மடக்கிக் கொக்கியில் மாட்டுவது, ராத்திரியில் இறக்கி இரண்டு பட்டையில் தொங்கவிடுவது. மாமா வண்டியில் ஒரு பட்டை அறுந்து வருஷமாகிறது. இப்போது அந்த மேல்பலகை துணி போடும் பரண்.

டேப்பை வைத்துப் பார்த்தேன். நீளம் 71 அங்குலம். அகலம் 20. ஃபோம் உட்கார்ந்துபோய் இரண்டு அங்குலம்கூடத் தேறவில்லை.

நீளத்தில் ஓரளவு தாராளமும் அகலத்தில் இந்தக் கஞ்சத்தனமும் எதனால்? சாலையில் ஓடும் வண்டியின் அகலத்துக்குச் சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது, 2.6 மீட்டர். குறுக்காகப் போட்ட படுக்கைக்கு அந்த அகலம் சும்மா கிடைக்கிறது, யார் காசும் போகாது. படுக்கையின் அகலம் அப்படியல்ல. அது வண்டியின் நீளத்திலிருந்து வர வேண்டும். வண்டியின் மொத்த நீளத்துக்கும் வரம்பு உண்டு. ஆகவே படுக்கைக்குக் கூட்டுகிற ஒவ்வொரு அங்குலமும் சரக்குத் தொட்டியில் குறைகிற அங்குலம். மனுஷன் புரண்டு படுக்கிற இடம் சரக்கிலிருந்து பிடுங்க வேண்டிய இடம். சண்டை எங்கே நடக்கிறது, யார் ஜெயித்தார்கள் என்று இருபது அங்குலம் சொல்லிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க தெரிதா வேண்டாம், இஞ்சு டேப் போதும்.

அமெரிக்காவில் லாரிப் படுக்கைக்குத் தனி விதியே இருக்கிறது. 1975 செப்டம்பருக்குப் பிறகு பொருத்திய படுக்கை 75 அங்குல நீளம், 24 அங்குல அகலம், மெத்தைக்கு மேலே 24 அங்குல உயரம் இருந்தாக வேண்டும். ஃபோம் மெத்தை என்றால் நாலு அங்குலக் கனம். வண்டி ஓடும்போது படுத்திருப்பவன் முன்னால் தூக்கி எறியப்படாமல் இருக்கப் பட்டையோ வலையோ வேண்டும், அது 6000 பவுண்டு இழுவையைத் தாங்க வேண்டும். புகைக்குழாய்ச் சூடும் புகையும் உள்ளே வரக்கூடாது. அமெரிக்காக்காரன் ரொம்ப நல்லவன் என்று சொல்ல இதை எழுதவில்லை. அங்கே டிரைவர்கள் படும் பாடு தனிக்கதை. ஆனால் அந்த விதியை எழுதியவன் மனதில் படுக்கைமேல் ஒரு உடம்பு இருந்திருக்கிறது. நம் விளம்பரத்தாளில் அந்த உடம்பு இல்லை.

சூட்டைப் பற்றிச் சொன்னேன். நம் வண்டிகளில் கேபின் இன்ஜினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வண்டி ஓடும்வரை காற்று கொஞ்சம் சூட்டை இழுத்துப் போகும். நிறுத்தியதும் இன்ஜினில் இருக்கிற சூடு முழுக்கத் தரை வழியாக மேலே ஏறுகிறது. அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்குப் பலகையில் முதுகை வைத்தேன். தோசைக்கல். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக, நடுத்தர லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று ஒன்றிய அரசு ஆணை போட்டிருக்கிறது. நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? ஆனால் அந்த ஏ.சி.யின் கம்ப்ரசர் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது. இன்ஜினை அணைத்தால் ஏ.சி.யும் நிற்கும். கேட்டில் எட்டு மணிநேரம் டீசல் எரித்துத் தூங்க எந்த ஓனர் விடுவான்? ஓட்டுகிறவனுக்குக் குளிர்ச்சி, படுக்கிறவனுக்குப் புழுக்கம். இரண்டு பேரும் ஒரே ஆள்.

இனி நைனா காலத்துப் பலகை. அப்போதெல்லாம் கம்பெனி சேஸிஸும் முன்முகப்பும் மட்டும்தான் விற்கும். நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் மரச்சட்டம் அடித்துத் தகரம் போர்த்தி கேபின் கட்டுவார்கள். சீட்டுக்குப் பின்னால் ஒரு மரப்பலகை போட்டு, மேலே பெயின்ட்டில் தாமரை, மயில் எல்லாம் எழுதுவார்கள். ஒரு பலகைதான். வண்டியில் இருப்பதோ இரண்டு பேர். டிரைவர் ஆதிக்கச் சாதிக்காரர். கதவு இரண்டையும் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு படுப்பார். நைனா கோடையில் லோடுமேல் தார்ப்பாயில் படுப்பார். மழையில் சேஸிஸுக்கு அடியில், பின் அச்சுப் பக்கம். பலகையில் நைனா உட்கார்ந்ததுகூட இல்லை. அதைத் துடைப்பது மட்டும் அவர் வேலை. ஊர், சேரி என்று நாம் வரைகிற வரைபடம் பதினைந்தடி வண்டிக்குள்ளும் அச்சு அசலாக இருந்தது. 1996 ஐப்பசி மழையில், நாயுடுபேட்டைக்குப் பக்கத்தில், விடிகாலையில் டிரைவர் குனிந்து பார்க்காமல் வண்டியை எடுத்தார். நைனாவுக்கு இடதுகால் விரல் நாலு போயிற்று. எனக்கு அப்போது ஆறு வயசு. "ராத்திரி பலகை காலியாதான் இருந்திச்சி, அவுரு டாபாவுல தூங்கினாரு" என்று நைனா ரொம்ப நாள் கழித்துச் சொன்னார். கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

வண்டியில் யார் எங்கே உட்காருவது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. 1901-இல் கோரேகானுக்குப் போன சிறுவன் அம்பேத்கரையும் கூடப் போன பிள்ளைகளையும் மாட்டுவண்டிக்காரர் ஏற்றிக்கொள்ளவில்லை. இரட்டைக் கூலி வாங்கிக்கொண்டு, பிள்ளைகளை வண்டி ஓட்டச் சொல்லிவிட்டு, அவர் கூடவே நடந்தார். 1929-இல் சாலிஸ்கானில் குதிரைவண்டிக்காரர்கள் அவருக்கு வண்டி ஓட்ட மறுத்தார்கள். பழக்கமில்லாத ஒருவர் ஓட்டி, வண்டி கவிழ்ந்து, பாபாசாகேப்பின் கால் முறிந்தது. பாமாவின் கருக்கு (1992) பேருந்து இருக்கையை எழுதியது. 1997-இல் வீரன் சுந்தரலிங்கம் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று தென்மாவட்டத்தில் கலவரமே நடந்தது. கடைசியில் எல்லாத் தலைவர்கள் பெயரையும் அரசு எடுத்தது. சரக்கு லாரியின் உள்பக்கத்தை மட்டும் நம் எழுத்து, நான் படித்தவரையில், எட்டிப் பார்க்கவில்லை. இது என்னையும் சேர்த்துச் சொல்கிற குறை.

இதைப் படித்த தோழர் ஒருவர் மறுத்தார். "இப்பல்லாம் கிளீனரே கிடையாது. ஒரே டிரைவர். உங்க மாமாவே பலகைல படுக்கிறாரு. பழைய கதையப் பேசறீங்க" என்றார். பாதி உண்மை. மாமா நம்ம ஆள்தான், ஸ்டியரிங் பிடிக்கிறார், பலகையும் அவருடையது. கம்பெனி கேபின் வந்ததில் அந்தத் தாழ்ப்பாள் போயிற்று என்று ஒப்புக்கொள்கிறேன். கூடவே இரண்டாள் கூலியில் ஒரு கூலியும் போயிற்று. கண்ணாடி துடைப்பது, தார்ப்பாய் கட்டுவது, ராத்திரியில் டீசல் திருடுபோகாமல் காவல் இருப்பது எல்லாம் இப்போது பலகையில் படுத்திருப்பவன் தலையில்.

1961-இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை அன்று ராத்திரி டார்ச்சு வெளிச்சத்தில் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அது. ராத்திரி தங்க வேண்டிய இடங்களில் வெளிச்சமும் காற்றும் உள்ள ஓய்வறை கட்டச் சொன்னது. கிளீனரையும் தொழிலாளி என்று பெயர் சொல்லிக் குறித்தது. "கட்டினானா?" என்றார் மாமா. அதே சட்டத்தில் வேலைநேரம் என்றால் என்ன என்ற வரையறை இருக்கிறது. நிலையத்தில் சும்மா காத்திருக்கும் நேரத்தில், பதினைந்து நிமிஷத்துக்குக் குறைவானதைத்தான் அது வேலைநேரத்தில் சேர்த்தது. அதற்குமேல் காத்திருந்தால்? அது வேலை இல்லை. ஒரு சொல்லை இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வெட்டிய உரையாசிரியரை நான் எம்.ஏ.விலும் பார்த்ததில்லை. அந்தச் சட்டம் 2020-இன் தொழில் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டு, தொகுப்பு 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்துவிட்டது.

பலகையின் உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. பலகை இருப்பதால் ஓய்வறை தேவையில்லை என்றாகிறது. படுத்திருக்கிறான், ஆகவே காத்திருக்கவில்லை, ஆகவே கூலி இல்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2017 டிசம்பரில் ஒரு தீர்ப்புச் சொன்னது. டிரைவர் தன்னுடைய முழு வார ஓய்வை, 45 மணிநேரத்தை, வண்டிக்குள் கழிக்கக்கூடாது. எவ்வளவு நல்ல படுக்கை இருந்தாலும் கேபின் வீடாகாது என்பது அதன் பொருள். மாமாவிடம் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "வண்டியில படுக்கக்கூடாதா? அப்ப வேற எங்க படுப்பான்?"

பெண் டிரைவர் ஒருத்தி இந்தக் கேபினில் படுக்க வேண்டுமென்றால், திரைச்சீலைக் கம்பிகூட இல்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

நாலே முக்காலுக்குக் காவலாளி வந்து கதவைத் தட்டினார். எங்கள் நம்பர். மாமா கண்ணயர்ந்து ஒரு மணிநேரம் ஆகியிருக்கும். முகத்தைக் கழுவ பாட்டிலில் தண்ணீர் தீர்ந்திருந்தது. இன்ஜினைப் போடும் முன்னால் கீழே இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, நாலு பக்கமும் குனிந்து அடியில் பார்த்தார். அடியில் யாரும் இல்லை, ஒரு நாய்தான். அதை விரட்டிவிட்டு ஏறினார்.