கழுதை ஏரும் கணினி ஆட்டமும்

நகரழிவு தமிழ்ப் புறப்பாடல்களுக்கு நெடுங்காலமாகப் பழகிய பொருள். ஆயினும், இன்று நம் மாணவர் அதனை முதன்முதலாகச் சந்திப்பது புறநானூற்றில் அன்று, கணினித் திரையிலே. மாயமும் மந்திரமும் கலந்த கற்பனை உலகில் நாடு பிடித்தாளும் போர் உத்தி ஆட்டங்களை ஆடும் பிள்ளைகள் ஜொகூர் பாருவிலும் குளுவாங்கிலும் பலர். இவற்றை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால், ஒரு நகரம் அழிவதென்றால் என்ன என்ற வினாவுக்கு அவை ஒரு விடை தருகின்றன. அவ்விடையைத் தன் கையாலேயே நூறு முறை நிகழ்த்திப் பார்க்கும் பிள்ளை, வகுப்பில் ஒரு முறை படிக்கும் பாட்டை எவ்வாறு உணரும்? ஆகலின் அவ்விடையை ஆராய்வது தமிழாசிரியர்க்கும் உரிய வேலையே.

1991இல் தோன்றிய சிவிலிசேஷன் என்னும் ஆட்டத்தில் மிகச் சிறிய ஊரைப் பிடித்தால் அஃது அப்போதே மறைந்துவிடும். அதன் ஐந்தாம் பதிப்பில் (2010) எரியூட்டிய நகரின் மக்கள்தொகை முறைக்கு ஒன்றாகக் குறைந்து, இறுதியில் ஒன்றுமில்லாமற் போகும். தலைநகரை மட்டும் எரிக்க இயலாது, விதி தடுக்கும். 1999இல் வந்த ஹீரோஸ் ஆப் மைட் அண்ட் மேஜிக் மூன்றாம் பதிப்பிலோ எந்நகரையும் அழிக்கவே முடியாது. கை மாறலாம், அவ்வளவே. 1994இல் வெளியான மாஸ்டர் ஆப் மேஜிக் ஒன்றுதான் சற்றுச் சிந்தித்திருக்கிறது. அதில் நகரை அழிப்பவனுக்குப் பொன் கிட்டும், புகழ் குறையும்.

புகழ் குறையும் என்ற இவ்விதியைக் கேட்டால் நெட்டிமையார் வியந்திருப்பார். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை அவர் பாடிய புறநானூற்று 15ஆம் பாட்டில், பகைவர் ஊரின் தேரோடிய தெருக்களைக் கழுதை பூட்டிய ஏரால் உழுதது பாண்டியனின் பெருமையாகவே கூறப்படுகிறது. 392ஆம் பாட்டில் ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடுகையில், உழுத இடத்தில் வரகும் கொள்ளும் விதைத்த செய்தியையும் சேர்க்கிறார். நம் புலவர் அழிவைக் கண்டு எப்போதும் கண்ணீர் விட்டனர் என்று மேடையில் முழங்குவோர் இவ்விரு பாட்டையும் மறைத்துவிடுகின்றனர். அது நேர்மையன்று. அழிவு அன்று புகழாகவும் இருந்தது.

எனினும் கழுதை ஏர் என்னும் வழக்கை உற்று நோக்குக. மதிலை இடித்தாயிற்று, ஊரை எரித்தாயிற்று. அதற்கு மேலும் உழவேண்டிய தேவை என்ன? எரிந்த ஊருக்கு மக்கள் திரும்பி வருவர் என்பதை வென்றவன் அறிவான். அந்த அச்சமே அவனை உழவைக்கிறது. இடம் உயிரோடிருக்கிறது என்பதற்குப் பகைவனே தந்த சான்று இது. திரையில் நகர் மறைந்ததும் வெறும் புல்வெளி தோன்றுகிறதே, அந்தப் புல்வெளியை எந்தப் புலவரும் கண்டதில்லை.

அவர்கள் கண்டது எதுவென்று அறியப் பட்டினப்பாலைக்குச் செல்லவேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார், கரிகாலனால் பாழான ஊர்களைக் காட்டும் பகுதியில் இறந்தோரை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. விழா நடந்த மன்றத்தில் நெருஞ்சியும் அறுகும் படர்ந்து நரி ஊளையிடுகிறது. புதியவர் வந்து தங்கிய பொதியிலின் தூணில் யானைகள் உரசிக்கொண்டு தங்குகின்றன. நெல்லிருந்த கூடு வெறுமையாகி, அதற்குள்ளிருந்து நண்பகலில் கூகை குழறுகிறது. விழா, விருந்து, சேமிப்பு என ஊர் செய்துவந்த தொழில்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின, கட்டடமோ நிற்கிறது. தொகை குறைந்து சுழியாகும் கணக்குக்கும் இதற்கும் உள்ள தொலைவு சிறிதன்று. ஆட்டம் இயற்றுவோர் இப்பகுதியை ஒரு முறை படித்திருந்தால், முதலில் சந்தையை நிறுத்தியிருப்பர், பின்னர் களஞ்சியத்தை, அதன்பின் திருவிழாவை. அழிவின் ஒவ்வொரு படியிலும் திரும்பிவர ஒரு வழியும் வைத்திருப்பர்.

தலைநகரை எரிக்கவே முடியாது என்ற விதியும் எனக்கு உடன்பாடன்று. கற்பனையுலகில் பறவைநாகம் தீயுமிழலாமாம், ஆனால் அரசன் நகரில் ஓலைக்கூரை கூடப் பற்றாதாம்! சிலப்பதிகாரத்தில் எரிந்தது பாண்டியன் தலைநகரே. அத்தீக்கும் விதி உண்டு: அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுத் தீத்திறத்தார் பக்கமே சேர்க என்று கண்ணகி அதற்குக் கட்டளையிடுகிறாள். தீ எங்கே செல்லக்கூடாது என்பதிலேயே அங்குக் கதையின் உயிர் உள்ளது. பின்னர் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் வந்து அரசேற்க, மதுரை தொடர்கிறது.

காப்பியம் போகட்டும், நம் ஜொகூர் ஆற்றையே பார்ப்போம். 1587இல் டோம் பவுலோ டி லீமா தலைமையில் வந்த போர்த்துக்கீசியர் ஜொகூர் லாமாக் கோட்டையைத் தகர்த்து, நகரை எரித்து, பீரங்கிகளைக் கவர்ந்து சென்றனர். கணினி ஆட்டத்தின் கணக்குப்படி ஜொகூர் அன்றோடு முடிந்திருக்கவேண்டும். நடந்தது வேறு. சுல்தான் அலி ஜல்லா ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்றார். பத்து சாவார் தலைநகராயிற்று. 1613இல் அச்சேயர் தாக்கினர். 1673இல் ஜாம்பிப் படை வந்து பாழாக்கிற்று. அரசு அப்போதும் மாய்ந்துவிடவில்லை, ரியாவுக்குப் பெயர்ந்தது. இதற்கிடையே 1641இல் டச்சுக்காரர் மலாக்காவைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்தபோது அவர்களுக்குத் துணை நின்றது இந்த ஜொகூரே. எரித்தவன் 54 ஆண்டுகளில் தன் கோட்டையை இழந்தான்.

இதற்குக் காரணம் உண்டு. மரமும் மூங்கிலும் அத்தாப்புமாக எழுந்த வீடுகளை விரைவில் மீண்டும் கட்டலாம். அக்காலத் தென்கிழக்காசியாவில் நிலம் ஏராளம், ஆள்தான் அருமை. ஆள்களும் ஆற்றுவாயில் வாணிகமும் அரசனோடு பெயர்ந்தால் நகரும் பெயர்ந்தது. அப்படியானால் ஆட்டத்தில் நகரழிவு எவ்வாறு இருத்தல் வேண்டும்? மக்கள் மறையலாகாது; அண்டை ஊருக்கோ காட்டுக்கோ ஆற்றின் மேற்பகுதிக்கோ போகவேண்டும். அவர்களை ஏற்கும் ஊர் வலுப்பெறவேண்டும். பாழான இடம் பெயரோடு படத்தில் நிற்கவேண்டும். வென்றவன் அதனைக் காத்துக்கொண்டிருக்க ஆண்டுதோறும் செலவிடவேண்டும், அன்றேல் கழுதை ஏர் பூட்டவேண்டும்.

இவ்வளவு சொன்னபின் இராசேந்திரனைப் பற்றியும் சொல்லவேண்டும். அவன் பெயர் வந்தாலே நம் பிள்ளைகளுக்குத் தோள் பூரிக்கிறது. 2022இல் ஏஜ் ஆப் எம்பயர்ஸ் இரண்டாம் பதிப்பில் அவன் பெயரிலேயே ஒரு போர்த்தொடர் சேர்க்கப்பட்டது. 1025இல் நிகழ்ந்த கடாரப் படையெடுப்பை அவன் மெய்க்கீர்த்தி விரித்துரைக்கிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம் என்று ஊர்ப்பெயர்கள் அடுக்கி வருகின்றன. கைக்கொண்ட பெருந்தோரணமும் மணிக்கதவும் பேசப்படுகின்றன. வென்றவனின் நூல் அது. அவ்வூர்களில் இருந்தவர்கள் எங்கே போயினர் என்று அஃது உரைப்பதில்லை. தோற்றோர் பக்கத்து நினைவு வேறு வழியில் வந்திருக்கிறது. செஜாரா மெலாயு, கலிங்க நாட்டிலிருந்து வந்த ராஜா சூரான் ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியிலிருந்த கருங்கற் கோட்டை நகரொன்றை வென்றதாகவும், அதன் அரசன் மாண்டதாகவும், அவன் மகளைச் சூரான் மணந்ததாகவும் கதை கூறுகிறது. சூரான் சோழனே என்பார் பலர். அது கதையே, 2005இல் கோத்தா கெலாங்கி என்னும் பெயரில் அந்நகர் ஜொகூர்க் காட்டில் இருப்பதாகச் செய்தி பரவியபோதும் உறுதியான சான்று எதுவும் கிட்டவில்லை. ஆனாலும் ஊர் போனபின் ஊரின் கதை பல நூறு ஆண்டு நின்றிருக்கிறது. அந்தக் கருங்கற் கோட்டையை ஆடுபவன் தன் படத்தில் எவ்வடையாளத்தால் குறிப்பான்?

ஆட்டம் இயற்றுவோர் இரவல் பெறத்தக்க விதி ஒன்று புறநானூற்று 57ஆம் பாட்டில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் பாண்டியன் நன்மாறனிடம் கழனியைக் கொள்ளையிடவும் பேரூரை எரிக்கவும் பகைவரைக் கொல்லவும் தடை சொல்லவில்லை. காவல்மரத்தை மட்டும் வெட்டாதே என்கிறார். உன் யானையைக் கட்ட அது தறியாகத் தாங்காது என்பது அவர் கூறும் காரணம். அரசனின் செருக்கைத் தொட்டே மரத்தைக் காத்துவிட்ட இப்புலவர் இன்றிருந்தால், தலைநகரை எரிக்காதே என்று விதியால் தடுக்கமாட்டார். எரித்தால் உன் யானைக்கு என்ன பயன் என்று ஆடுபவனையே எண்ணவைப்பார்.