வரைபடத்தில் இல்லாத தடம்

அமெரிக்கப் பொது நிலங்களில் ஏடிவி, டர்ட் பைக், ஜீப் ஓட்டுபவர்களுக்கு 'ட்ரெட் லைட்லி' என்றொரு நடத்தை நெறி உண்டு. அலுங்காமல் கால் வை என்று பொருள். 1985-ல் அங்குள்ள வனத்துறை தொடங்கியது, 1990-ல் தனி அமைப்பானது. 'ட்ரெட்' என்பதன் ஐந்து ஆங்கில எழுத்துக்கும் ஒவ்வொரு விதி: பொறுப்பாகப் போ, பிறர் உரிமையை மதி, முன்கூட்டியே தெரிந்துகொள், எளிதில் கெடும் இடங்களைத் தவிர், உன் பங்கைச் செய்.

படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வண்டியில் உட்கார்ந்து யோசித்தால் நாலாவது விதி இடிக்கிறது.

யூட்டா பாலைவன மண்ணின் மேல் ஒரு பொருக்கு இருக்கும். சயனோபாக்டீரியா, லைக்கன், பாசி எல்லாம் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் உயிருள்ள தோல் அது. இளம் பொருக்கு வெறும் மண் மாதிரியே தெரியும். டயர் ஏறிவிட்டால் மீள வருஷக்கணக்கு, சில இடங்களில் பல பத்தாண்டுகள். கண்ணுக்கே தெரியாததை எப்படித் தவிர்ப்பது? அதைவிட மோசம், முதல் ஆள் விட்டுப்போன தடம் அடுத்தவருக்குப் பாதையாகத் தெரியும். அவர் நெறியை மீறுவதாகவே நினைக்க மாட்டார்.

அதனால்தான் வனத்துறையின் 2005 விதியை நான் பெரிதாக மதிக்கிறேன். அதற்கு முன் பல காடுகளில், 'தடை' என்று பலகை இல்லாத இடமெல்லாம் போகலாம். பிறகு தலைகீழ்: வரைபடத்தில் குறித்த பாதையில் மட்டும்தான் போகலாம். நம்ம ஃபயர்வால் பாஷையில் 'டீஃபால்ட் டினை'. முடிவெடுக்கும் சுமை ஓட்டுபவரின் மனசாட்சியிலிருந்து நிர்வாகத்தின் கைக்கு மாறியது. பாதைகளையும் பகுதிகளையும் குறிக்கச் சொல்லி நிக்சன் ஆணை போட்டது 1972-லேயே. இந்த விதி வர 33 வருஷம் ஆகியிருக்கிறது!

இதிலும் குறை உண்டு. எந்த வண்டி, எந்தப் பாதை, எந்த மாதம் என்று சொல்லும் அந்த வரைபடம் இலவசம்தான். ஆனால் வழக்கமாக வந்தது கறுப்பு வெள்ளையில், மேடு பள்ளம் காட்டாமல். களத்தில் பலகை இல்லாவிட்டாலும் சட்டம் அதுதான். சட்டம் படிக்கக் கஷ்டமாகவும், கோஷம் படிக்கச் சுலபமாகவும் இருந்தால் ஜனங்க எதை ஞாபகம் வைப்பாங்க?

ஐந்து விதியும் இருக்கட்டும். என்னைக் கேட்டால், அவற்றுக்கு மேலே ஒரு வரி சேர்ப்பேன்: வரைபடத்தில் இல்லாத தடம் பாதை இல்லை, நூறு வண்டி போயிருந்தாலும்.