யூசர்ஸ்பேஸை உடைக்காதே! சரி, யாருடைய யூசர்ஸ்பேஸை?

லினக்ஸ் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் விதி இது: யூசர்ஸ்பேஸை உடைக்காதே. கெர்னல் எவ்வளவு மாறினாலும் அதன் மேல் ஓடும் நிரல்களும் லைப்ரரிகளும் நேற்று மாதிரியே இன்றும் ஓடணும். நல்ல விதிதான். ஆனால் அது எல்லோரையும் ஒரே மாதிரி காப்பாற்றுகிறதா?

கேமரா போன்ற ஒரு கருவியோடு பேச லைப்ரரிக்கு உள்ள வாசல், டிவைஸ் ஃபைல். அதைத் திறந்து கட்டளை அனுப்பி, திரும்பி வரும் பிழை எண்ணைப் பார்த்துத்தான் லைப்ரரி அடுத்த அடி வைக்கும். 2012 டிசம்பரில், 3.8 கெர்னலின் சோதனைக் காலத்தில், வெப்கேம் டிரைவர் ஒரு பிழை எண்ணை மாற்றித் தந்தது. அதனால் சில நிரல்கள் தடுமாறின. தப்பு நிரல் பக்கம்தான் என்றார் அந்தப் பகுதியின் பராமரிப்பாளர். இல்லை, கெர்னல் பக்கம்தான் என்று லினஸ் டோர்வால்ட்ஸ் கொதித்து எழுதிய மடல் இன்றும் பிரபலம். அந்தத் திட்டு நினைவிருக்கிற பலருக்கு, காரணம் ஒரே ஒரு எண் என்பது நினைவில்லை.

2022 மார்ச்சிலும் இப்படித்தான். போதுமான சீரற்ற தரவு சேரும்வரை யூரேண்டம் டிவைஸ் ஃபைல் காத்திருக்கட்டும் என்று 5.18-க்காக ஒரு மாற்றம் வந்தது. பாதுகாப்புக் கோணத்தில் நியாயமான யோசனை. ஆனால் சில கணினிகள் பூட் ஆகாமல் நின்றுவிட, வெளியீட்டுக்கு முன்பே அதைத் திரும்பப் பெற்றார்கள்.

இரண்டிலும் விதி ஜெயித்தது. காரணம், சோதனைக் காலத்திலேயே யாரோ ஓட்டிப் பார்த்துக் கத்தினார்கள். என் விமர்சனம் இங்கேதான். யாரும் கவனிக்கலைன்னா அது உடைப்பே இல்லை என்பதுதான் நடைமுறை. அப்போ தாமதமா வர்றவங்க கதி?

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யுரேனஸின் வளையங்களை 1977-இல் பதிவு செய்த 1 மீட்டர் தொலைநோக்கி 1972-இல் வந்தது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. இரண்டுமே லினக்ஸுக்கு மூத்தவை. இவ்வளவு காலம் வாழும் கருவிகளோடு வேலை செய்பவர்கள் வாராவாரம் கெர்னலை மாற்ற மாட்டார்கள். ஐந்து வருடம் கழித்து மாற்றும்போது ஒரு எண் மாறியிருந்தால்? அதற்குள் வேறு நிரல்கள் புது எண்ணுக்குப் பழகியிருக்கும். திரும்பப் போக வழி இருக்காது.

இன்னொரு ஓட்டை. வாக்குறுதி மேலே இருக்கும் நிரல்களுக்கு மட்டும்தான். கெர்னல் மூலத்துக்கு வெளியே கேமரா நிறுவனம் தனியாகத் தரும் டிரைவருக்குக் கிடையாது. கெர்னலின் உள் இடைமுகங்கள் நிலையாக இருக்காது என்று அதன் ஆவணமே சொல்கிறது. நிறுவனம் கைவிட்டால் பழைய கெர்னலோடு உறைந்து நிற்க வேண்டியதுதான்.

எனவே சத்தம் போடுபவரை நம்பிய விதி போதாது. எந்தக் கேள்விக்கு எந்தப் பிழை எண், எப்போது காத்திருக்கலாம், எப்போது கூடாது என்பதெல்லாம் ஓடும் சோதனைகளாக எழுதப்படணும். வீடியோ டிரைவர்களுக்கு அப்படியொரு சோதனைக் கருவி ஏற்கெனவே உண்டு. லைப்ரரி எழுதுபவர்களும் தங்கள் எதிர்பார்ப்புகளை அங்கே கொண்டு சேர்க்கலாம். மலை மேல் இருப்பவர் கத்தினால் கீழே கேட்காது. அவருக்காக ஒரு சோதனை தினமும் ஓடினால், அவர் கத்தவே வேண்டியிருக்காது.