பாதி உண்மை சொல்லும் பாடப்படம்

வாசகர்களே, கடல் ஓதத்தை விளக்க வழக்கமாக வரையப்படும் படத்தை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். நடுவே பூமி; வலப்புறம் நிலா; நிலாவை நோக்கிப் புடைத்து நிற்கும் கடல். "நிலா நீரை இழுக்கிறது, கடல் ஏறுகிறது" என்று கீழே ஒரு வரி. செங்கற்பட்டில் இயற்பியல் கற்பிக்கும் நானும் சில ஆண்டுகள் இதையே கரும்பலகையில் வரைந்தேன். இது பொய்யன்று, ஆனால் பாதி உண்மையே.

மாமல்லபுரக் கடற்கரையில் ஒரு நாள் முழுதும் தங்கிக் கவனியுங்கள். கடல் இருமுறை ஏறி, இருமுறை வற்றும். இரு ஏற்றங்களுக்கு இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். நிலா ஒருமுறைதானே தலைக்குமேல் வருகிறது? மற்ற ஏற்றம் எப்படி வந்தது? படம் விடை சொல்லாது.

காரணம் இழுப்பு அன்று; இழுப்பில் உள்ள வேறுபாடு. நிலாவுக்கு அருகிலுள்ள நீர், பூமியின் மையத்தைவிடச் சற்று அதிகமாக ஈர்க்கப்படுகிறது. எதிர்ப்புறத்து நீர் சற்றுக் குறைவாக ஈர்க்கப்பட்டுப் பின்தங்குகிறது. ஆகவே இரு புறமும் புடைப்பு.

சூரியனையும் எண்ணிப் பாருங்கள். அது பூமியை ஈர்க்கும் விசை, நிலாவின் விசையைப்போல் சுமார் 178 மடங்கு. இழுப்பு மட்டுமே காரணமாயின் ஓதத்தில் சூரியனே முதலிடம் பெறவேண்டும். ஆனால் ஓதத்தை உண்டாக்கும் வேறுபாடு, தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. சூரியன் சுமார் 389 மடங்கு தொலைவில் இருப்பதால் அதன் ஓத விசை நிலாவினதில் 46 விழுக்காடே. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டும் ஒன்றுசேர, ஏற்றம் மிகுகிறது; அஷ்டமியை ஒட்டி ஒன்றையொன்று குறைக்க, ஏற்றம் தணிகிறது.

கரையின் வடிவுக்கும் பங்குண்டு. நம் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவே. குஜராத்தின் காம்பே வளைகுடாவிலோ அது 10 மீட்டரை எட்டுவதுண்டு. நிலா ஒன்றுதான், கடலின் ஆழமும் கரையின் வளைவும் வேறு.

"இத்தனை நுணுக்கம் மாணவர்களுக்கு எதற்கு?" எனலாம். ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார்: "2004 டிசம்பர் 26 பௌர்ணமியாமே சார், நிலா இழுத்துத்தானே சுனாமி வந்தது?" நாள் சரி, காரணம் தவறு. காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே ஏற்பட்ட நிலநடுக்கம் கடலடித் தரையைப் பெயர்த்தது. அதில் எழுந்த அலை 9 மணியளவில் நம் கரையைத் தாக்கியது. பௌர்ணமி மாதந்தோறும் வருகிறது, சுனாமி வருவதில்லையே!

பாதி உண்மை இங்கேதான் ஆபத்தாகிறது. ஓதம் வற்ற ஏறத்தாழ ஆறு மணி நேரமாகும். சுனாமிக்கு முன் சில நிமிடங்களிலேயே கடல் உள்வாங்கித் தரை தெரியலாம். அதை வெறும் வற்றம் என எண்ணிக் கிளிஞ்சல் பொறுக்கப் போனால் உயிர் போகும். அப்படிக் கண்டால் உடனே மேட்டுக்கு ஓடுங்கள். கடல் உள்வாங்காமலே சுனாமி வருவதும் உண்டு என்பதையும் மறவாதீர்கள்.

ஆசிரிய நண்பர்களே, படத்தை அழிக்க வேண்டாம்; திருத்தினால் போதும். அருகு நீர், பூமியின் மையம், எதிர்ப்புற நீர் என மூன்று இடங்களில், நிலாவை நோக்கி நீளம் குறைந்துகொண்டே போகும் மூன்று அம்புகள் வரையுங்கள். மறுபாதி உண்மையும் படத்தில் வந்துவிடும்.