எங்க ஊருக்கு வந்த பல் டாக்டர் பிள்ளைகள்

மன்னார்குடியில் இலவச முகாமுக்குப் பஞ்சமே கிடையாது. கண், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று ஏதாவது ஒரு பேனர் தொங்கிக்கொண்டே இருக்கும். பல்லுக்கும் நடக்கும். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். ஒரு பேஸ்ட்டும் "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று ஒரு சீட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நடக்க முடியாதவர் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அதனால்தான், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் இந்தப் பல் டாக்டர் பிள்ளைகளைப் பற்றிப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். எடுத்த வேலையை முடித்துவிட்டுத்தான் போகிறார்கள்!

சம்பா அறுவடை முடிந்த கையோடு தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில் ஆரம்பித்தார்கள். மடக்கு நாற்காலி, சின்ன கம்ப்ரசர், கருவிகளை வேகவைக்கும் பெட்டி எல்லாம் ஒரே வேனில் வந்து இறங்கின. யாரைக் கூப்பிடுவது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் அக்காமார்களுக்கு, எந்தத் தெருவில் யார் படுக்கையில் கிடக்கிறார் என்பது அத்துப்படி. அவர்களைக் கேட்டுத்தான் பெயர் எழுதினார்கள். எவ்வளவு நல்ல யோசனை!

உள்ளிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, மூளை முடக்குவாதம் உள்ள மகனைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தார். இருபது வயதுப் பையன். தொட்டாலே தாடை இறுகிக்கொள்ளும். அந்த டாக்டர் பெண் அவனை நாற்காலி மாற்றவே இல்லை. முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியை முதலில் அவன் கையில் கொடுத்தார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முடிக்கும்வரை அவசரப்படுத்தவில்லை. பிறகு ஒரு ரப்பர் கட்டையைக் கடிக்க வைத்து, கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து, சிமெண்டை விரலால் அழுத்தி அடைத்தார். மிஷின் சத்தமே இல்லை. கரண்ட் இல்லாத ஊர்களுக்காக 1980-களில் தான்சானியாவில் உருவான முறையாம் இது. 1994-ல் உலக சுகாதார நிறுவனமே இதைப் பரிந்துரைத்திருக்கிறது.

பையனுக்கு ஈறு வளர்ந்து பல்லை மூடியிருந்தது. "நான் சரியா தேய்ச்சு விடலம்மா" என்று தாய் கண் கலங்கினார். "இல்லம்மா, வலிப்புக்குக் குடுக்குற ஃபெனிடாயின் மாத்திரையால சிலருக்கு இப்படி ஆகும். நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க, நரம்பு டாக்டர்கிட்ட நான் எழுதித் தர்றேன்" என்றார் அந்தப் பெண். எத்தனை வருஷக் குற்ற உணர்ச்சியோ, அந்த அம்மா முகத்தில் அப்படியே இறங்கிப் போனதைப் பார்த்தேன்.

எங்கள் அப்பாயிக்குப் பல்செட் கட்டியதும் இவர்கள்தான். பல்செட் ஒரே நாளில் முடிகிற சமாச்சாரம் இல்லை. அளவெடுக்க ஒரு முறை, மேல் தாடையும் கீழ் தாடையும் சேரும் விதம் பார்க்க ஒரு முறை, மெழுகில் பல்லைப் பதித்துப் போட்டுப் பார்க்க ஒரு முறை, அப்புறம்தான் அசல். அதற்குப் பிறகும் ஈறு உரசிப் புண்ணானால் தேய்த்துக் கொடுக்க வர வேண்டும். எல்லாவற்றுக்கும் வந்தார்கள். மெழுகுப் பல்லோடு கண்ணாடி பார்த்த அப்பாயி, "ரொம்ப வெள்ளையா இருக்கு தம்பி, வெத்தலை போட்ட வாய்க்கு இது ஒட்டாது" என்று சொல்ல, அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே கொஞ்சம் பழுப்பான பல்லாக மாற்றி எடுத்து வந்தார். எண்பது தாண்டியவரின் விருப்பத்தையும் கேட்டுச் செய்கிறார்களே, அதற்குத்தான் கும்பிடு போடத் தோன்றுகிறது.

புகையிலை போடுகிற ஒருவரையும் விடவில்லை. நாக்கைத் தூக்கி, கன்னத்தை விலக்கி, வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று பார்த்தார்கள். வெற்றிலையும் புகையிலையும் புழங்கும் நம் பக்கத்தில் இது உயிர் காக்கிற காரியம்.

கேரளத்தில் அரசே 'மந்தஹாசம்' என்று திட்டம் போட்டு ஏழை முதியோருக்குப் பல்செட் தருகிறது. அமெரிக்காவில் 1985 முதல் டாக்டர்கள் தங்கள் கிளினிக்கிலேயே முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவசமாகப் பார்க்கிறார்கள்; லேப்காரர்களும் பல்லைச் சும்மா செய்து தருகிறார்கள். இங்கேயும் ஒரு லேப்காரர் கூலி வாங்காமல்தான் செய்கிறார். மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சையில் முன்னுரிமை தர வேண்டும் என்று 2016-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதை நான் கண்ணால் பார்த்தது அந்த மண்டபத்தில்தான்.

அடுத்து வடுவூர்ப் பக்கம் வருகிறார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அழைத்துப் போங்கள். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதைப் பார்க்காமல் பல்லில் கை வைக்க மாட்டார்கள். சக்கர நாற்காலியைப் படியேற்ற இளவட்டங்கள் நாலு பேர் வந்தால் இன்னும் நல்லது.