பாம்பும் பகிர்வோரும்

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2018 சனவரி 24 அன்று உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கென வெளியிட்ட செய்தி, பொய்ச் செய்தி பற்றியது. மரக்காணம் உப்பளக் கரையின் வாசகர்களை மனத்தில் இருத்தி அதனை மீண்டும் படித்தோம். ஏவாளை அணுகிய பாம்பையே முதல் பொய்ச் செய்தியாளனாக அது காட்டுகிறது. பாம்பு முழுப் பொய் சொல்லவில்லை. மெய்யின் ஒரு துண்டை எடுத்துத் திரித்தது. செய்தியின் சிறந்த பகுதி இதுவே.

ஆயினும் ஒரு குறை தென்படுகிறது. பொய்யைச் சொன்னவனைப் பற்றி விரிவாகப் பேசும் அச்செய்தி, அதைச் சுமந்து செல்வோரை, அறியாது உடந்தையாவோர் என ஓரிடத்தில் தொட்டுவிட்டு, இதழியலாளரின் கடமைக்குச் சென்றுவிடுகிறது. நம் கரையில் செய்தி கொணர்வது இதழியலாளர் மட்டுந்தானா? அக்காள் மகன் அனுப்புவதும் செய்தியே.

அவ்வாண்டு சமூகத் தொடர்பு நாள் மே 13. அதற்கு நான்கு நாள் முன்பு, திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோவிலுக்குச் சென்ற குடும்பமொன்று பிள்ளை பிடிப்போர் எனத் தாக்கப்பட்டது. 65 வயது மூதாட்டி இறந்தார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததே ஐயத்தின் தொடக்கம். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவர் கொல்லப்பட்டார். வாட்ஸ்அப்பில் சுற்றிய எச்சரிக்கைகள் விதைத்த அச்சம் அது. அவ்வாண்டு இந்தியாவில் பரவிய கடத்தல் காட்சியொன்று, கராச்சியில் எடுக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். விளக்கம் தரும் இறுதிப் பகுதி வெட்டப்பட்டிருந்தது. வெட்டியவனைப் பாம்பு எனலாம். பிள்ளைகளுக்காக அஞ்சி அதை அனுப்பிய தாயை என்னென்பது?

அதே ஆண்டு மார்ச்சில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இவ்விடத்தில் கூர்மையானது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்த மூவர், 1,500 பேரை அடைய உண்மைக்குப் பொய்யைப்போல் ஆறு மடங்கு காலம் பிடித்ததென்றும், இதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகளல்ல, மனிதரே என்றும் கண்டனர். ஆனால் ட்விட்டர் பொதுமன்று. வாட்ஸ்அப் தாழிட்ட வீடு. அங்கே எண்ணிப் பார்க்க அவ்வாய்வுக்கு வழியில்லை. 2018 சூலையில் அந்நிறுவனம், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர இயலாதவாறு வரம்பிட்டது. வேகத்தைக் குறைக்கலாம், அச்சத்தைக் குறைக்காது.

2004 டிசம்பர் 30 நினைவுக்கு வருகிறது. மற்றோர் அலை வரக்கூடும் என நடுவண் உள்துறையே எச்சரிக்க, தமிழகக் கடலோர மக்கள் ஓடினர். அலை வரவில்லை. ஆழிப்பேரலை வந்து நான்கே நாள் ஆகியிருந்த நிலையில் ஓடியவரை மூடர் என்பார் உண்டோ? ஆய்ந்து தெளிக எனும் திருத்தந்தையின் அறிவுரை, ஆய்வதற்கு அவகாசம் உள்ளவருக்கே எளிது. இரவு பத்து மணிக்கு எச்சரிக்கையொன்று கைப்பேசியில் வந்து சேரும்போது, அதை அண்டை வீட்டாருக்கு அனுப்புவதா வேண்டாவா எனத் தவிக்கும் குப்பத்துத் தாய்க்கு இச்செய்தியில் ஒரு பத்தியேனும் இருந்திருக்க வேண்டும்.